சுப்ரபாதம் கேட்கும் அறை

"என்ன ஸ்பீக்கர் வாங்கலாம்?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். வீடு வாங்கி, பேஸ்மென்ட்டை முடித்து, தரை பளபளவென்று போட்ட பிறகு நம்மவர்களுக்கு வருகிற அடுத்த ஆசை இது. எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். காலி அறையின் நடுவில் நின்று பலமாக ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் தட்டினதோடு நின்றால் நீங்கள் புண்ணியம் செய்தவர். "டிர்ர்ர்" என்று ஒரு வால் முளைத்துச் சுவருக்குச் சுவர் ஓடினால், அந்த அறையில் இரண்டாயிரம் டாலர் ஸ்பீக்கரும் இருநூறு டாலர் ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட ஒரே ஜாதி.

இதைச் சொன்னால் கேட்பவர் முகம் சுருங்கிவிடுகிறது. காசு கொடுத்து வாங்க முடிகிற பதிலைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பார்! அதனால் இந்த முறை பொருள் பட்டியலை விட்டுவிட்டு, பாட்டு கேட்ட இடங்களின் கதையைச் சொல்கிறேன். எங்கள் சித்தூர், திருப்பதி பக்கத்துக் கதை. ஐந்நூறு வருஷமாக அங்கே மனிதர்கள் எதன் நடுவில் உட்கார்ந்து பாட்டு கேட்டார்கள் என்று பார்த்தால், நம் பேஸ்மென்ட்டில் என்ன குறை என்பது தானாகத் தெரியும்.

மலையிலிருந்தே தொடங்கலாம். சுப்ரபாதத்தை இயற்றியவர் பிரதிவாதி பயங்கரம் அண்ணன், மணவாள மாமுனிகளின் சீடர், 15ஆம் நூற்றாண்டு. அது திருமலையில் விடியுமுன் பாடப்படுவது பங்காரு வாகிலி என்கிற பொன் வாசலுக்கு எதிரே, திருமாமணி மண்டபத்தில். தரை கல், தூண் கல், கூரை கல். கருங்கல் தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் விழுங்கும், மீதியைத் திருப்பி அடித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பாடினால் குழம்பித்தானே போக வேண்டும்? போவதில்லை. காரணம் பாடும் விதத்தில் இருக்கிறது. எல்லோரும் ஒரே குரலில், நிதானமாக, ஒவ்வோர் அசைக்கும் இடம் விட்டுச் சொல்கிறார்கள். அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையே தாவல் அதிகம் கிடையாது. முந்தின அசையின் வால் அடுத்த அசையோடு கலந்தாலும் சுருதியோடு சேர்ந்த ஒரு ரீங்காரமாகத்தான் நிற்கிறது. அந்தக் கட்டடத்துக்கு ஏற்றபடி பாட்டு அமைந்ததா, பாட்டு நிலைத்ததால் கட்டடம் பொருந்திப் போனதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வேத பாராயணத்துக்கும் இதே பொருத்தம் உண்டு.

கல் மண்டபம் என்றாலே மோசம் என்றும் எண்ண வேண்டாம். தூண்கள் ஒரு பெரிய வேலை செய்கின்றன. வழவழவென்று ஒரே சுவராக இருந்தால் ஒலி கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போல ஒரே திசையில் திரும்பும். வரிசை வரிசையாகத் தூண் நின்றால், சிற்பம் செதுக்கியிருந்தால், அது பத்துத் திசையில் சிதறிவிடும். இன்று ஸ்டூடியோக்காரர்கள் மரக்கட்டைகளைக் குட்டையும் நெட்டையுமாக ஒட்டி 'டிஃப்யூசர்' என்று விற்பது இந்த வேலைக்குத்தான். போதாததற்கு பக்கங்கள் திறந்த மண்டபம், உள்ளே நெருக்கியடிக்கும் கூட்டம். திருமலைக் கோயிலுக்கு எதிரே 15ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆயிரங்கால் மண்டபம் ஒன்று இருந்தது. எங்கள் தலைமுறைக்கு அது வெயிலுக்கு ஒதுங்கி, முறுக்கு தின்று, அவ்வா மடியில் தூங்கிய இடம். 2003இல் இடித்துவிட்டார்கள். கூட்டத்துக்கு இடம் போதவில்லை என்பது நிர்வாகத்தின் நியாயம். அத்தனை தூண்களுக்கு நடுவே ஒரு குரல் எப்படிக் கேட்டது என்பதை இனி யாரும் அளந்து பார்க்க முடியாது என்பது என் வருத்தம்.

அதே மலையில், கேட்க ஆளில்லாத ஓர் இசை அறையும் இருந்தது. அன்னமாச்சாரியார் (1408-1503) ஆயிரக்கணக்கில் பாடிய சங்கீர்த்தனங்களைச் செப்பேடுகளில் வெட்டி, கோயிலுக்குள்ளேயே ஒரு சின்னக் கல்லறையில் வைத்தார்கள் (கல்லால் ஆன அறை என்று படிக்கவும்!). சங்கீர்த்தன பாண்டாகாரம் என்று பெயர். அந்த ஏடுகள் பல நூறு வருஷம் மறந்துபோய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெளியே வந்தன. சாது சுப்ரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் படித்து, பதிப்பித்து, மெட்டுப் போட்டார்கள். ஏட்டில் ராகத்தின் பெயர் இருந்தது, பாடும் வழி இல்லை. பிறகு 1979-80இல் தேவஸ்தானத்தின் முயற்சியில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'பாலாஜி பஞ்சரத்தினமாலா' ஐந்து இசைத்தட்டுகளாக எச்.எம்.வி. வெளியீடாக வந்தது. கோயிலுக்குள் பூட்டிக் கிடந்த பாட்டு ஒரே தாவலில் ஊரில் உள்ள அத்தனை வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கூடம் எப்படி இருந்தது என்பதுதான் நம் விஷயம். அங்கே வருவதற்கு முன் இரண்டு இடங்களை எட்டிப் பார்த்துவிடலாம்.

ஒன்று, திருப்பதிக்குப் பக்கத்தில் சந்திரகிரி ராஜமகால். விஜயநகரத்தின் கடைசிக் காலத் தலைநகரம். செங்கல், கல், சுண்ணாம்புக் காரை, மேலே கோபுர விமானம் மாதிரி முகடுகள். மரமே இல்லாமல் கட்டியது என்பார்கள். இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் உள்ளே நுழைந்தால் நானூறு பேர் மாதிரிக் கேட்கும். ராஜாக்கள் காலத்தில் அந்தச் சுவர்களில் திரைச்சீலையும் தரையில் ஜமுக்காளமும் இருந்திருக்கும், கேட்பதும் வேறு மாதிரி இருந்திருக்கும். கட்டடம் தப்பித்தது, துணிகள் தப்பவில்லை.

இன்னொன்று கொட்டகை. மைக் வருவதற்கு முன் கச்சேரியும் நாடகமும் ஹரிகதையும் நடந்த இடம். சித்தூர் என்ற பெயரையே முன்னால் போட்டுக்கொண்ட இரண்டு பேரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் சித்தூர் வி. நாகையா. குண்டூர்ப் பக்கத்தில் பிறந்தவர், எங்கள் ஊர் ராமவிலாச சபாவில் நாடகம் நடித்து ஊர்ப் பெயரை வாங்கிக்கொண்டவர். 1945இல் வந்த 'மீரா'வில் எம்.எஸ்.ஸுக்கு ராணாவாக வந்தவர் என்றால் சட்டென்று ஞாபகம் வரும். இன்னொருவர் சித்தூர் சுப்ரமணிய பிள்ளை (1898-1975), 1954இல் சங்கீத கலாநிதி. காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர். நாயனா பிள்ளை கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர். வயலின், மிருதங்கம் போதாதென்று கஞ்சிரா, கடம், டோலக், கொன்னக்கோல் என்று ஒரு படையே மேடையில் இருக்கும். இத்தனை பேருக்கும் மேலாகக் குரல் எழும்பி, மைக் இல்லாமல், கடைசி வரிசைக்குப் போக வேண்டும்.

எப்படிப் போனது? அந்தக் காலத்து ஆண் பாடகர்கள் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உச்சத்தில் சுருதி வைத்துக்கொண்டார்கள் என்பது பாதிப் பதில். மீதிப் பதில் கொட்டகை. கூரை கீற்று, பக்கம் திறந்தவெளி, தரை மணல். திரும்பி வந்து குழப்ப எதிரொலியே கிடையாது. குரல் மெலிந்து போகலாம், கலங்காது. கணக்கு வழக்கு நிறைந்த பல்லவியை அப்படி ஒரு இடத்தில்தான் ரசிக்க முடியும். அதையே ராஜமகாலில் பாடியிருந்தால் கொன்னக்கோல் வெறும் இரைச்சலாகிப் போயிருக்கும். 1930களில் மைக் பரவிய பிறகு கத்திப் பாட வேண்டிய அவசியம் போய், ஆண்களின் சுருதி மெல்ல இறங்கி ஒன்று, ஒன்றரைக் கட்டையில் வந்து உட்கார்ந்தது. இந்த ஒன்றரைக் கட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இனி கொஞ்சம் கடல் தாண்ட வேண்டும். மேலே சொன்னதையெல்லாம் எண்ணால் அளக்க ஒரு வழி 1895 வரை உலகத்தில் யாரிடமும் இல்லை. அந்த வருஷம் அமெரிக்காவில் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடம் என்று புதிதாக ஒன்று கட்டியிருந்தார்கள். அதன் விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசினால் ஒரு வார்த்தை ஐந்தரை நொடி வரை அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. முதல் வார்த்தை சாவதற்குள் பத்துப் பதினைந்து வார்த்தை பிறந்துவிடும். மாணவனுக்கு என்ன புரியும்? சரிசெய்யும் வேலையை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். வயது 27. பெரிய தலைகள் வேண்டாமென்று ஒதுக்கிய வேலை அவர் தலையில் விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆபீசில் இருப்பவர்களுக்குப் புரியும். :-)

சபைன் செய்ததைப் படிக்கும்போது நம்மூர்ப் பிடிவாதக்காரர்கள் ஞாபகம் வருகிறது. பகலில் தெருச் சத்தம், அதனால் நடுராத்திரியில் வேலை. பக்கத்தில் சாண்டர்ஸ் தியேட்டர் என்ற நல்ல அரங்கு இருந்தது. அதன் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து ஃபாக் அரங்கில் ஒன்றிரண்டாகப் பரப்புவார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி காதுக்குக் கேட்காமல் போகும் வரை கடிகாரத்தில் அளப்பார். இன்னும் நாலு மெத்தை, இன்னொரு ஊதல். விடிவதற்குள் மெத்தைகள் அதனதன் இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். எல்லா மெத்தையையும் பரப்பியபோது ஐந்தரை நொடி ஏறக்குறைய ஒரு நொடிக்கு இறங்கியது. இப்படி வருஷக்கணக்கில் சேர்த்த எண்களுக்குள் ஒரு எளிய சூத்திரம் ஒளிந்திருப்பதை 1898இல் கண்டுகொண்டு அம்மாவிடம் கூவிச் சொன்னாராம். எதிர்முழக்க நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சும் பரப்பு. எல்லாம் மீட்டரில். இந்தக் கணக்கை வைத்துக் கட்டியதுதான் 1900இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி ஹால். இன்றைக்கும் உலகத்தின் மிகச் சிறந்த அரங்குகளில் அது ஒன்று.

எனக்குப் பிடித்தது சூத்திரம் அல்ல, அதில் அவர் எடுத்துக்கொண்ட அலகு. எது ஒலியை முழுக்க விழுங்கும்? திறந்த ஜன்னல். போன ஒலி திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னலை ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டார். ஓர் ஆள் உட்கார்ந்தால் ஏறக்குறைய அரை ஜன்னல். கனத்த மடிப்புத் திரை ஒரு சதுர மீட்டருக்கு, நடுச் சுரங்களில், முக்கால் ஜன்னலுக்குக் கிட்டே. வழவழப்பான ஓடு பதித்த தரை நூறில் ஒரு ஜன்னல்.

இப்போது சித்தூர் கூடத்துக்கு வாருங்கள். மிட்டூரில் எங்கள் தாத்தா வீடு. முன்னால் திண்ணை, ரேழி தாண்டினால் நடுவில் முற்றம், சுற்றிலும் தாவாரம், கூடம். கூரை நாட்டு ஓடு, அதைத் தாங்கும் மரச் சட்டங்கள். சுவர் சுண்ணாம்புக் காரை. தரை மட்டும் கடப்பைக் கல். முற்றம் பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். அதாவது 11 சதுர மீட்டர். சபைன் கணக்கில் 11 திறந்த ஜன்னல்! இருபத்திரண்டு பேர் நிரந்தரமாக உட்கார்ந்து ஒலியை வாங்கிக்கொள்வதற்குச் சமம். இதுபோக மூலையில் வேர்க்கடலை மூட்டைகள், கொடியில் காயும் புடவைகள், சுருட்டி வைத்த பாய்கள், ஓட்டுக்கு இடையில் இருக்கும் சந்துகள். ஒரு ஒலிப் பொறியாளரை வரவழைத்துச் செய்தாலும் இதைவிடப் பெரிதாகச் செய்திருக்க முடியாது. தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. மழைத் தண்ணீர் விழவும் வெளிச்சம் வரவும் கட்டியது.

அந்தக் கூடத்தில் மர ஸ்டாண்டின் மேல் வால்வு ரேடியோ. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது, சென்னை மாகாணத்தில். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் அந்தப் பக்கம் போனோம். மாநிலம் மாறியதே ஒழிய ரேடியோ முள் மாறவில்லை. 1938இல் தொடங்கிய சென்னை நிலையத்திலேயே நின்றது. 1952இலிருந்து சனிக்கிழமை ராத்திரிகளில் தேசிய இசை நிகழ்ச்சி வேறு. அந்த ரேடியோவில் நாலு விரற்கடை அகல ஸ்பீக்கர் ஒன்றுதான். கீழ்ச் சுரமும் கிடையாது, உச்சச் சுரமும் கிடையாது. ஆனாலும் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவருக்குச் சாகித்தியம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. 1963இல் எம்.எஸ். பாடிய சுப்ரபாதம் இசைத்தட்டாக வந்து, பிறகு கேசட்டாகி, எங்கள் தெருவின் ஒவ்வொரு வீட்டிலும் டீக்கடையிலும் ஒலித்தபோதும் அப்படித்தான் கேட்டது. தெலுங்கு, தமிழ், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று எல்லோரும் அந்த சமஸ்கிருதத்தைக் காதாலேயே மனப்பாடம் செய்தார்கள். வார்த்தை தெளிவாகக் காதில் விழாமல் அது நடந்திருக்காது.

பிறகு கான்கிரீட் வந்தது. 1980களில் தொடங்கி திருப்பதியிலும் சித்தூரிலும் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் போய் மொட்டை மாடி வீடுகள். முற்றத்தை மூடி ஒரு பெட்ரூம். கடப்பைக் கல் போய் மொசைக், அதுவும் போய் கிரானைட், அப்புறம் கண்ணாடி மாதிரி ஓடுகள். கொசுவுக்கும் ஏ.சி.க்கும் ஜன்னல்கள் நிரந்தரமாகச் சாத்தப்பட்டன. ஒரு சின்னக் கணக்கு. 14 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி ஹால். கன அளவு சுமார் 48 கன மீட்டர். எல்லாப் பரப்பும் சேர்த்து 80 சதுர மீட்டர். பூசிய சுவரும் ஓடும் சராசரியாக நூற்றில் நாலு பங்கு விழுங்கினால் மொத்தம் மூன்று ஜன்னல் சொச்சம். சூத்திரத்தில் போட்டால் 2.4 நொடி. சோபாவும் ஆட்களும் வந்தால் குறையும், என்றாலும் பாட்டு கேட்கும் அறைக்கு வேண்டியது 0.3இலிருந்து 0.5 வரைதான். ஒரு நொடிக்கு நாலு சுரம் பாடினால்கூட 2.4 நொடியில் ஒன்பது சுரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கமகம் என்ன ஆகும் சொல்லுங்கள். ஒரு தலைமுறைக்குள் ரேடியோவிலிருந்து ஹோம் தியேட்டருக்கு முன்னேறினோம், அதே தலைமுறைக்குள் கூடத்திலிருந்து கிணற்றுக்குள் இறங்கினோம்.

கடல் தாண்டி வந்தவர்கள் இதே கிணற்றை வேறு சாமானில் கட்டிக்கொண்டோம். இங்கே சுவர் ஜிப்சம் பலகை. அது தட்டினால் அதிர்கிறது அல்லவா, அந்த அதிர்வில் கீழ்ச் சுரங்களைக் கொஞ்சம் விழுங்கிவிடும். நடு, மேல் சுரங்களை அப்படியே திருப்பி அடிக்கும். விற்பவர்கள் பெருமையாகக் காட்டும் பதினெட்டடி உயர ஃபேமிலி ரூமும் கீழே மரத் தரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். என் அப்பா இங்கே வந்திருந்தபோது அந்த ரூமில் காலையில் சுப்ரபாதம் போடுவோம். அவருக்கு 76 வயது. நாலைந்து நாள் பேசாமல் இருந்தவர் ஒருநாள், "பாட்டு கேக்குதுப்பா, வார்த்தை ஒண்ணும் வெளங்கல. எனக்குத்தான் காது போயிடுச்சு போல" என்றார். அறுபது வருஷம் தினமும் கேட்ட பாட்டு! சத்தத்தைக் கூட்டினால் இன்னும் குழப்பம். டாக்டரிடம் காட்டினோம். வயதுக்கு உண்டான அளவு தேய்மானம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வயதானவர்களின் காது அமைதியான இடத்தில் சமாளித்துவிடும், எதிர்முழக்கம் அதிகமான இடத்தில்தான் தோற்றுப்போகும் என்பது ஒலியியல்காரர்கள் எல்லோரும் சொல்வது. அப்பா அதற்குள் தனக்குக் காது போய்விட்டது என்றே முடிவுகட்டி, பேச்சில் கலந்துகொள்வதையும் குறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பேஸ்மென்ட்டில் 14க்கு 12, எட்டடி உயரத்தில் ஒரு அறை இருந்தது. கன அளவு 38. 0.4 நொடி வேண்டுமானால் 15 ஜன்னல் தேவை. தரை முழுக்கக் கார்ப்பெட், அது நாலரைக்கு மேல் தரும். பழைய சோபாவும் மூன்று ஆட்களும் மூன்று. ஜிப்சம் சுவர், கூரை இரண்டரை சொச்சம். ஆக பத்து. பாக்கி ஐந்து. நாலடிக்கு இரண்டடி, நாலு அங்குல கனத்தில் ராக்வுல் பலகை ஆறு வாங்கி, மரச் சட்டம் அடித்து, துணி போர்த்தினோம். துணி எது வேண்டுமானாலும் இருக்கலாம், வாயில் வைத்து ஊதினால் காற்று அந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரித் துணி பீரோவில் சும்மா கிடந்தது. பருத்தி, நன்றாகக் காற்று போகும். பேனாவால் ராமாயணம், பாரதம் வரைந்து கோயில்களில் தொங்கவிடுவதற்காகவே பிறந்த துணி அது. கல் மண்டபத்தில் அந்தச் சீலைகள் அழகுக்கு மட்டும் தொங்கியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. (தியாகராஜர் திருமலைக்குப் போனபோது திரை போட்டிருந்தது, அதை விலக்கச் சொல்லி 'தெர தீயக ராதா' பாடினார் என்று ஒரு கதை உண்டு. கௌளிபந்து ராகம். தெய்வத்தைப் பார்க்கத் திரை விலக வேண்டும், பாட்டைக் கேட்கத் திரை வேண்டும்!)

எங்கே மாட்டுவது? நீங்கள் உட்காரும் இடத்தில் உட்காருங்கள். பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம் எதுவோ, அங்கேதான் முதல் எதிரொலி புறப்படுகிறது. இரண்டு பக்கமும் அப்படி ஒவ்வொன்று, பின்சுவரில் இரண்டு, முன் மூலைகளில் குறுக்காக நிறுத்தி இரண்டு. முட்டை அட்டை ஒட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். அது உச்சச் சுரத்தை மட்டும் லேசாகத் தடவிக் கொடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும், தீப்பிடித்தால் வேறு ஆபத்து. மெல்லிய ஃபோமும் ஏறக்குறைய அதே கதைதான். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் கால் அலைநீளமே 86 சென்டிமீட்டர் வருகிறது, அரை அங்குல ஃபோம் அதை என்ன செய்யும்?

இந்தக் கீழ்ச் சுர விவகாரத்தில்தான் ஒன்றரைக் கட்டை வருகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி தன் பாட்டுக்கு நின்று ஆடும் சில அதிர்வெண்கள் ஒவ்வொரு அறைக்கும் உண்டு. எட்டடி உயரத்துக்கு அது 70 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 141. பன்னிரண்டு அடி அகலத்துக்கு 47, அதன் மும்மடங்கு மறுபடியும் 141. ஒன்றரைக் கட்டை சட்ஜமோ 139. தம்புராவின் மந்தர சட்ஜமம் அதில் பாதி, 70ஐ ஒட்டி. ஆகவே எட்டுக்குப் பன்னிரண்டு அறையில் ஆண் பாடகர் ஒருவர் ஒன்றரைக் கட்டையில் பாடினால் அறையே கூடச் சேர்ந்து தம்புரா போடும், பஞ்சமம் ஒல்லியாகவும் சட்ஜமம் பானை மாதிரியும் கேட்கும். நாலு கட்டையில் பாடிய நாயனா பிள்ளை காலத்து ஆட்களுக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது. எட்டடிக் கூரை போட்ட அமெரிக்கக் கொத்தனாருக்குக் கட்டைக் கணக்கு தெரியுமா என்ன! மூலைப் பலகைகள் இதைக் கொஞ்சம் அடக்குகின்றன, முழுக்க அடங்கவில்லை. அறையின் சரிபாதியில் உட்காராமல் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் தேவலை. மிருதங்கத்தின் வலந்தலைச் சுரங்கள் ஏன் அவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்று சி.வி. ராமன் 1920இலேயே எழுதிவிட்டார். தொப்பியின் கும்கியை எட்டடி அறையில் சுத்தமாகக் கேட்பது எப்படி என்று யாராவது எழுதினால் நன்றாயிருக்கும்.

அப்பா கீழே வந்து உட்கார்ந்த முதல் நாள் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் சுலோகத்தில் அவர் வாய் அசைந்தது. பிரபத்தியில் ஒரு இடத்தில் எம்.எஸ்.ஸோடு சேர்ந்து பாடும் ராதாவின் குரல் தனியாகக் கேட்கிறது என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே பழைய ஸ்பீக்கர்தான். மரம், ராக்வுல், ஆணி எல்லாம் சேர்த்து ஆன செலவு ஒரு நல்ல ஸ்பீக்கர் வயருக்குக் கேட்கும் விலையைவிடக் குறைவு.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. ஃபர்னஸ் அடுத்த அறையில் இருப்பதால் குளிர்காலத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "உஸ்" என்று கிளம்பிவிடும். மார்கழியில் மலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை சேவிப்பது வழக்கம், அதனால் இங்கேயும் அந்த மாதம் திருப்பாவை. அந்த அரை மணிக்கு ஹீட்டரை அணைத்துவிட்டு எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருகிறோம். கம்பளியும் சபைன் கணக்கில் கால் ஜன்னலாவது சேரும். :-)